கானுக்கு நடுவால் போன கோடு

ஜூன் 20

குஞ்சு, இன்றைக்கும் மழை. ஒழுங்கைக்கு நடுவால் ஓடும் கழிவுநீர்க் கான் நிரம்பி வாசற்படிக்கு வந்துவிட்டது. நீ இருந்தால் தடியோடு இறங்கிக் குத்தியிருப்பாய். நீ போய்ப் பன்னிரண்டு நாள். உன் கொப்பியில் மிச்சம் கிடந்த தாளில் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரிக்காதே.

உன் உடுப்பு, கைப்பை எல்லாவற்றையும் மாமா ஒரு சீலையில் மூட்டையாகக் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்தார். "அந்தியேட்டி முடியுமட்டும் ஒருத்தரும் தொடப்படாது தங்கச்சி" என்றார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிய அவரே வந்து அவிழ்ப்பாராம்.

ஜூன் 24

கானுக்கு அந்தப் பக்கத்து பைறோஸா சோறு கொண்டுவந்தாள். போகும்போது கேட்டாள், "பத்மாக்கா, புள்ள அந்தக் கடிதத்தக் குடுத்திட்டாளா?"

வட்டார எல்லை மாற்றத்தை எதிர்த்து நீ எழுதிய கடிதம். குடுத்திருப்பாள் என்றேன். நீ தொட்ட வேலையை விடமாட்டாய்.

வரைபடத்தை மேசையில் விரித்து நீ காட்டியது ஞாபகம் வருகிறது. "எங்கட ஒழுங்கையில முன்னூறு வோட்டு அம்மா. போன முறை அதாலதான் ஆளுங்கட்சிக்காரங்கள் இங்க தோத்தவங்கள். இப்ப கானுக்கு நடுவால கோடு கீறி, பாதியை இந்த வட்டாரத்தோட, பாதியை அந்த வட்டாரத்தோட சேர்க்கிறாங்கள். இனி ரெண்டு பக்கமும் எங்களை ஆர் கணக்கெடுக்கிறது?"

கோடு கிடக்கட்டும், கானை ஆர் துப்புரவாக்கிறது என்று கேட்டேன். "அதைத்தான் நானும் எழுதியிருக்கிறன்" என்றாய். அடுத்த நாள் காய்ச்சல்.

ஜூலை 1

சபை மெம்பரின் ஆள் துக்கம் விசாரிக்க வந்தார். பிஸ்கட் பெட்டி. "கோடு கடதாசியிலதானே அக்கா. உங்கட வீட்டையா வெட்டப் போறாங்கள்?"

தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

ஜூலை 7

ஆட்சேபம் கொடுக்க இன்றுதான் கடைசி என்று ரேடியோவில் சொன்னார்கள். உன்னுடையது அங்கே இருக்கும்.

ஜூலை 9

அந்தியேட்டி முடிந்தது. மாமா மூட்டையை அவிழ்த்தார். கைப்பைக்குள் கண்ணாடி, பஸ் டிக்கெட், பிறகு அந்த நீல உறை. ஒட்டியிருந்தது. மேலே விலாசம். உள்ளே கடிதம், நீ கீறிய வரைபடம், இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதலாவது உன்னுடையது, கடைசியாக என்னுடையது. அம்மா வாசிச்சுப் பாத்துத்தான் போட்டவ என்று எல்லாரிடமும் சொன்னாய்.

ஒரு மாதம் அதைப் பாத்துப் பாத்துத்தானே படுத்தனான். ஒரு முடிச்சை அவிழ்க்கேல்ல. சடங்கு பிழைக்கக்கூடாதெண்டு - எந்தச் சடங்கு? நீ அங்க கிடக்கிறாய் எண்டு நினைச்சுப் பொத்திப் பொத்தி வச்சிருந்தன். கடிதம் அல்லோ கிடந்தது.

ஜூலை 10

உறையைக் கொண்டு எல்லை நிர்ணயக் கந்தோருக்குப் போனேன். தமிழ் தெரிந்த ஒரு தம்பி இருந்தார்.

"செவ்வாய்க்கிழமையோட முடிஞ்சுது அம்மா."

செத்த வீடு என்றேன். தலையை ஆட்டினார். உன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாக் கீறியிருக்கு. இவங்க ஏன் நேரத்தோட வரல்ல?"

உறையை வாங்கிக்கொண்டு நடந்தே வந்தேன்.

ஜூலை 12

பைறோஸாவிடம் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஆகஸ்ட் 28

கந்தோரின் புது வரைபடம் வந்துவிட்டது. கோடு அப்படியே. நான் ஒரு வட்டாரம், பைறோஸா வேறு வட்டாரம்.

செப்டம்பர் 15

பைறோஸாவின் சின்ன மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இரத்தம் சோதித்தார்கள், உனக்கு வந்த அதே டெங்குதானாம். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

கானை அள்ளச் சொல்லி நானும் அவளுமாக எங்கள் பக்கத்து மெம்பரிடம் போனோம். கான் அந்தப் பக்கத்தது என்றார். அந்தப் பக்கத்து மெம்பர் இந்தப் பக்கத்தது என்றார். பைறோஸா ரோட்டிலேயே குந்திவிட்டாள்.

பின்னேரம் நுளம்புக்குப் புகை அடிக்கிறவர்கள் வந்தார்கள். கையில் ஒரு தாள். "போன டெங்கு மரணம் எந்த வட்டாரத்தில?" என்று கேட்டார்கள். அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் அடிப்பதென்று எழுதுவார்களாம்.

குஞ்சு, நீ இந்தப் பக்கம் படுத்தாய், அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாய். உன்னைக் கடித்த நுளம்பு எந்தப் பக்கத்து நுளம்பு?