வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் அம்மா போகும் இடம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதைப் படித்த பிறகு உன் அம்மா நன்றாகத்தான் இருக்கிறாளா என்று நீ கேட்பாய். இது நானே என் கையால் எழுதுவது. கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, சாவி ராவும் மேஜையில் காகிதத்தை வைத்து, ஒரு வரி எழுதிவிட்டு அதைத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டு அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல அவள் எழுதியது, நான் கால் மணி நேரம் மூச்சு விடாமல் சொன்னால் அவள் நாலு வரியில் முடித்துவிடுவாள், மீதி எங்கே போகிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம். முதியோர் கல்வி வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், இனி என்னை யாரும் சுருக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக உன் அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறாள். கேட்டால், ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்த தோழிக்கு முழங்கால் வலி, துணைக்குப் போகிறேன் என்கிறாள். அந்தத் தோழி போன மாதம் பீரோ சாவி தொலைந்துபோய் என் கடைக்கே வந்தார், விறுவிறு என்று நடந்து வந்தார், உங்க வீட்டம்மாவைப் பார்த்து ஒரு வருஷம் இருக்குமே என்றார். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சாவியை ராவிக் கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து வீட்டில் கண் வைத்தேன். உதட்டோரம் சிவந்திருக்கிறது, படுக்கும்போது வாஸ்லின் தடவுகிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் இருக்கிறாள், வெளியே வரும்போது ஒரு முடிகூட நனைந்திருக்காது. இதையெல்லாம்கூட விட்டுவிடலாம், புதிதாக ஒரு கைப்பை வாங்கி அதன் ஜிப்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பூட்டை மாட்டி வைத்திருக்கிறாள். பூட்டு ரிப்பேர்காரன் வீட்டில் பூட்டு. நான் நினைத்தால் ஒரு ஹேர்பின் போதும், அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் திறந்து மூடிவிடுவேன். தொடவில்லை. யார் பூட்டானாலும் அவர்களாகக் கேட்டால்தான் திறப்பேன், பெண்டாட்டி பூட்டுக்கும் அதே சட்டம்தான். பின்னாலேயே போய்ப் பார்க்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, போனேன்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் ஒரு காப்பிக்கடை. படிக்கட்டுக்குக் கீழே பலகை வைத்திருந்தார்கள், ஓபன் மைக், யார் வேண்டுமானாலும் பாடலாம் வாசிக்கலாம், கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தது, நானே நின்று படித்தேன். படித்ததும் சந்தேகம் இரண்டு மடங்கானது. மைக்கைச் சும்மா கொடுக்கிறவன் வேறு எதையோ வாங்காமல் விடமாட்டான். மேலே போய் ஒரு மூலையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒளிந்துகொள்ளத்தான் பிடித்தேன், ஆனால் படிக்க ஆரம்பித்துவிட்டேன், அதிலே உன் அம்மாவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். ஒரு பையன் கிட்டார் வாசித்தான், கம்பி அறுந்துபோனது, கைதட்டினார்கள். ஒரு பேங்க் அதிகாரி பாடினார், குரல் நடுவில் கிறீச்சிட்டது, அதற்கும் கைதட்டினார்கள். எதற்கெடுத்தாலும் தட்டுகிற கையை நம்பாதே. அப்புறம் தலைமுடியைக் குடுமியாகக் கட்டிய ஒருவன், அவன்தான் நடத்துகிறவன், அடுத்தது நம்ம டெலிபோன் அம்மா என்று மைக்கில் கூப்பிட்டான். உன் அம்மா பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அவன் கொஞ்சம் காத்திருந்தான், பிறகு வேறு ஆளைக் கூப்பிட்டான். அடுத்த வாரமும் போனேன், அதே கதை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. வரமாட்டாள் என்று தெரிந்தும் கூப்பிட்டு, ஒரு வயதானவளை வைத்து வேடிக்கை காட்டுகிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு பகலில் போனேன். உங்கள் கடைக் கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று சாக்கு சொல்லி உட்கார்ந்து, ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே, அந்த அம்மாவை ஏன் தம்பி வாராவாரம் அவமானப்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "அவங்கதான் ஐயா சொல்லியிருக்காங்க. நான் எந்திரிக்கலைன்னாலும் கூப்பிடறதை மட்டும் நிறுத்திடாதப்பான்னு" என்றான். எனக்கு ஸ்க்ரூ கையைவிட்டு உருண்டுவிட்டது. உன் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை பேரோடு போனில் பேசினவள், டாக்டரே போனில் கத்தினாலும் லைனை விடாதவள், ஆனால் அத்தனை பேரில் ஒருவர் முகத்தையும் பார்த்துப் பேசினவள் இல்லை, அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவன் காப்பி கொடுத்தான், காசு வாங்கவில்லை, அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டதும் எழுந்துவிட்டாள். மேடை என்றால் ஒரு பலகைதான், அதில் ஏறி நின்று பைக்குள்ளே இருப்பதை எடுக்க வேண்டும், பூட்டு திறக்கவில்லை. சின்ன சாவி, நடுங்குகிற கை, துவாரத்தின் பக்கத்திலேயே போகவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது, இன்னும் கொஞ்சம் விட்டால் இறங்கிவிடுவாள், இறங்கினால் இனி அந்தப் படி ஏறமாட்டாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய், குனிந்து, அந்தப் பூட்டைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "எத்தனை வாரமா நடக்குது இது?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் மைக் வாய்க்கு நேரே இருந்தது, கடை முழுக்கக் கேட்டுவிட்டது. "முதல்ல பூட்டைத் திறக்கிறேன்" என்றேன், அதுவும் கேட்டுவிட்டது. சிரிப்பு அடங்க நேரமானது. எனக்கும் கைதட்டினார்கள்.

கோபம் வந்தால் அவளுக்குக் கை நடுங்காது, உனக்குத் தெரியுமே. பைக்குள்ளிருந்து ஒரு மௌத் ஆர்கனை எடுத்து, என்னை முறைத்துக்கொண்டே வாசித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லி ஓர் இசை ஓடவிடுவார்களே, அந்த மெட்டு, வேலை பார்த்த காலம் முழுக்க அவள் காதில் ஓடினது. கணக்காக வாசித்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் கோபம் தீர்ந்து என்னை விட்டு மற்றவர்களைப் பார்த்தாள், மூச்சு நின்றது, இறங்கிவிட்டாள். தட்டினார்கள். அவள் நிமிரவில்லை.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். ஏன் வேவு பார்த்தீங்க என்று அவள் கேட்கவில்லை, என்னிடமா பூட்டு என்று நானும் கேட்கவில்லை. கடைசியில் அவளாகவே சொன்னாள், அந்த மெட்டை யாரும் முழுசாகக் கேட்டதில்லையாம், அதற்குள் லைன் கிடைத்துவிடுமாம், அதனால் மீதிப் பாதியை இவளே கட்டினாளாம், அதைத்தான் வாசிக்கப் பயமாம், ஊரார் இசை தப்பினால் ஊரார் தப்பு, இது தப்பினால் என் தப்பு என்றாள். நான், லைன்லதான் இருக்கேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த மீதியை வாசித்தாள். உன் அப்பனுக்கு இசை தெரியாது, ஆனால் சாவியைத் திருப்பியதும் நன்றாக விழுகிற பூட்டுக்கு ஒரு சத்தம் உண்டு, அந்த மாதிரி ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது. நடுவில் பஸ் வந்தது. எங்களுக்குப் பின்னால் கையில் டிபன் கேரியரோடு ஓர் ஆளும், நர்ஸ் உடுப்பில் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள், இரண்டு பேரும் ஏறவில்லை. முடியும் வரை அசையாமல் நின்றுவிட்டு, தட்டாமல், பேசாமல் அடுத்த பஸ்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். உன் அம்மாவுக்கு இது தெரியாது, எனக்கு மட்டும்தான் வாசித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை. இந்த வெள்ளிக்கிழமை மாடியில் முழுதும் வாசித்து இறங்கட்டும், அதற்கப்புறம் சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

உன்னையும் நான் விட்டுவிடவில்லை. போன தடவை நீ அனுப்பிய பார்சலை அவள் தனியாகப் பிரித்தாள், எனக்கு ஒரு ஸ்வெட்டர் மட்டும் வந்தது, ஒரு ஸ்வெட்டருக்கு அத்தனை பெரிய பெட்டி எதற்கு என்று யோசித்து வைத்திருக்கிறேன், அந்த மௌத் ஆர்கன் அதில்தான் வந்ததா, பதில் எழுது. உன் வீட்டுக் கதவில் நம்பர் போட்டுத் திறக்கிற பூட்டு என்றாயே, அதை நம்பாதே, உள்ளே ஒரு தாழ்ப்பாளும் போட்டுக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொள். குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்துக்கு உன் அம்மாவிடம்தான் ஸ்டாம்பு கேட்டேன், நானாக இருந்தால் யாருக்கு என்று கேட்டிருப்பேன், அவள் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள், அதுதான் இப்போதைக்கு எனக்குப் புரியாத ஒன்று,

உன் அப்பா