நம்பர் பிளேட் மரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், பின்பக்கத்து மரத்தைத் தவிர. நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் நலம்தானே? போனில் மரம் என்று ஆரம்பித்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது, பார்.

போன வாரம் அடித்த காற்றில் நம் மரத்தின் கிளை ஒன்று முறிந்து, சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தையல்காரியின் தகரக் கூரைமேல் விழுந்தது. கூரை நடுவில் பள்ளமாகிவிட்டது. அதற்குக் கீழேதான் அவள் மெஷின் போட்டிருக்கிறாள். அடுத்த தடுப்புக்குள் அவள் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பாவம், தானாகப் புரண்டுகூடப் படுக்க முடியாதவர். அவள் சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். வரவில்லை. கிளையை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, "அக்கா, இன்னொரு கிளை மாமா தலைக்கு நேர் மேல நிக்குது, பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உடனே மரம் வெட்டுகிற ஆளைக் கூப்பிட்டேன். ரம்பத்தோடு வந்தவர், அடிமரத்தில் தொங்கும் நகராட்சியின் எண் தகட்டைப் பார்த்ததும் ரம்பத்தைத் திரும்ப ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிவிட்டார். "இதுல கை வெச்சா எனக்கும் கம்பிதான், உங்களுக்கும் கம்பிதான்மா" என்றார். வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டில் மரத்துக்குக்கூட நம்பர் பிளேட் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்தத் தகட்டுக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நகராட்சியில் மரப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே போனேன். இருந்தவர் பொறுமையாகவே சொன்னார். இந்த அளவுக்குப் பருத்த மரம் யார் நிலத்தில் நின்றாலும் பாதுகாக்கப்பட்ட மரமாம். அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, பெரிய கிளையைக் கழிக்கக் கூடாது, வேரை மூடி சிமென்ட் போடக் கூடாது. ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டியது நிலத்துக்குச் சொந்தக்காரர்தான். காய்ந்த கிளை கண்ணில் பட்டால் அவர்தான் தகவல் கொடுக்க வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்து, யார் தலையிலாவது விழுந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆக, தொடவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது. சொந்தக்காரர் யார் என்று கேட்டார். பத்திரம் உன் பெயரில் இருப்பதால் உன் பெயரைக் கொடுத்தேன். ஆய்வாளர் வந்து பார்த்ததும், கிளையை இறக்க உன் சம்மதம் தேவைப்படுமாம்.

வீட்டை விலைக்குக் கேட்டு வந்தாரே, அந்தக் கட்டடம் கட்டுகிறவர் மறுபடியும் வந்து வாசலில் நின்று மனையை அளக்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மரம் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்துவிடும் என்று அவரிடம் நீ சொன்னாயாமே? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு இலை கொட்டுகிறது, கூட்டி மாளவில்லை என்று போனில் நான் புலம்பியதற்கும் நீ, "இன்னுமா இலை இருக்கு?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். அத்தான்தான் இது என்ன கேள்வி என்றார்.

வண்டி பழகப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நேற்று நம் கேட்டிலேயே காரை இடித்துவிட்டாள். கேட்டுக்கும் காருக்கும் ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் அழுகை நிற்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். கடிதம் கண்டதும் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' போடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். போட்டுவிட்டேன். நீ கூப்பிடவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதோடு, படமெடுத்து உன் போனுக்கும் அனுப்புகிறேன்.

ஆய்வாளர் வந்துபோனார். சின்னப் பெண்தான். கையில் ஒரு ரப்பர் சுத்தியல். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பது போல அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தவர், சுவர்ப்பக்கம் போனதும் நின்றுவிட்டார். குனிந்து, பட்டையில் அப்பியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். மண்ணுக்குப் பின்னால் மெழுகு. மெழுகுக்குப் பின்னால் விரல் நுழைகிற துளை, கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டது. பக்கத்தில் இன்னொன்று. அப்படியே வரிசையாக. "இது தானாப் பட்டுப்போகல மேடம், பட்டுப்போக வெச்சிருக்காங்க. மருந்து ஊத்தி அடைச்சிருக்காங்க" என்றார்.

உன்னுடைய அந்த 'இன்னுமா' அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இலை இருக்கா என்று கேட்கிறவன் விசாரிக்கிறான். இன்னுமா இருக்கு என்று கேட்கிறவன் காத்துக்கொண்டிருக்கிறான். போன விடுமுறையில் துணிக்கொடி கட்டுகிறேன் என்று டிரில் மெஷினை வாங்கிவந்தாய். கொடிக்குச் சுவரில் இருப்பது இரண்டே துளை. மதியம் முழுக்க மெஷின் சத்தம் கேட்டது என்று தையல்காரி அன்றைக்கே சொன்னாள். என் தம்பிக்குக் கை பழக்கம் கிடையாது, அதுதான் நேரமாகியிருக்கும் என்று அவளிடம் நான் சொன்னேன்.

ஏண்டா இப்படிச் செய்தாய்? விற்க வேண்டுமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. நானும் அத்தானும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்திருக்க மாட்டோமா? மரம் செத்தால் மனை லேசாகக் கைமாறும் என்று நினைத்துவிட்டாய். பாதுகாக்கப்பட்ட மரத்தைக் கொன்ற இடத்தில் கட்டடம் கட்டவே அனுமதி தரமாட்டார்களாம், ஆய்வாளர் சொன்னார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். என் கூடப் பிறந்தவனே அப்படி மிதிப்பான் என்று நினைக்கவில்லை. கோபம் கோபமாக வருகிறது. நேரில் இருந்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.

இப்போது அவசரம் என்ன என்று கேள். தையல்காரியின் கூரைக்கு மேல் நிற்கும் கிளை உள்ளுக்குள் உளுத்துவிட்டது. அதை இறக்கிவிடலாம், ஆனால் உன் சம்மதம் வேண்டும். நீ பேசாமல் இருந்தால் நோட்டீஸ் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, பிறகுதான் அவர்களே இறக்குவார்கள். காற்று நோட்டீஸ் பார்த்தா அடிக்கும்? சம்மதம் கொடுத்தால் துளைகளைப் பற்றியும் கேட்பார்களே என்றுதான் நீ வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கத்தான் செய்வார்கள். தானாக முன்வந்து சொன்னால் அதையும் மனதில் வைத்துக்கொள்வோம் என்று அந்தப் பெண் சொன்னார்.

யார் செய்தது என்று என்னிடமும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல என்னையே பார்த்தார். திங்கட்கிழமை மறுபடியும் வருகிறார். தெரியாது என்று பொய் சொல்ல எனக்கு வராது. உன்னைக் காட்டிக்கொடுக்கவும் நா எழாது. அதற்கு முன்னால் நீ பேசிவிட்டால் என் வாய்க்கு வேலை இல்லை.

தையல்காரி இன்னமும் அந்தக் கூரைக்கு அடியில்தான் மெஷின் மிதிக்கிறாள். ஒப்புக்கொண்ட துணியைக் கொடுத்தாக வேண்டும் என்கிறாள். நம் வராந்தாவில் மெஷினைப் போட்டுக்கொள் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு எதுக்குக்கா சிரமம் என்கிறாள். காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலும், காரில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப் பழகும் பிள்ளையை விட்டுவிட்டு என் மனசு வீட்டுக்கு ஓடிவிடுகிறது.

பெரியவரை மட்டும் அத்தானும் தையல்காரியின் கணவரும் கட்டிலோடு தூக்கிவந்து உன் அறையில் விட்டிருக்கிறார்கள். அவருக்குத் துளையும் தெரியாது, மருந்தும் தெரியாது. யார் அறை என்று கேட்டார். தம்பியுடையது என்றேன். இன்று காலையில் கண் விழித்ததும், கும்பிடக் கையைச் சேர்க்கப் பார்த்து, முடியாமல், "இந்த ரூமைக் குடுத்த புள்ள நல்லா இருக்கணும், அவன் குழந்தகுட்டி நல்லா இருக்கணும்" என்றார். நான் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நானும் அதையேதான் வேண்டிக்கொள்கிறேன், தம்பி. ஆனால் அவர் வாழ்த்தியது உன்னை. வந்து, அவர் முகத்தைப் பார்த்து, நீயே வாங்கிக்கொள்.

உன் அக்கா