அண்டாவுக்குள் மூன்று கற்கள்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடமும், பாலம் கட்டும் மேஸ்திரியிடமும். செத்துப்போன என் நைனாவுக்கு நான் எழுதுவது இது.

கையெல்லாம் தார் வாசம் வீசும் என் நைனாவுக்கு,

அம்மா தூங்குகிறாள். சிம்னி விளக்கின் திரியைக் குறைத்துவிட்டு எழுதுகிறேன். நீ போனதிலிருந்து, ரோட்டுக்கும் பாலத்துக்கும் போடும் மணல், ஜல்லியை நீ சோதித்த பின்கட்டு லேப் பூட்டியே கிடக்கிறது. "சீனியர் டெக்னீஷியன் வீடு எது?" என்று கேட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை.

உன் சல்லடைகள் அப்படியே ஆணியில் தொங்குகின்றன. மணல் சலிக்கும் சல்லடை ஒன்றை எடுத்து அம்மா தீபாவளிக்கு மாவு சலித்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அதிரசத்தைக் கடித்துவிட்டு நீ சொன்னாய்: "இத்த ரோட்டுல போடலாம்டி. லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆவாது." அம்மா தட்டையே பிடுங்கிக்கொண்டாள். நீ இன்னொன்று கேட்டுக் கெஞ்சினாய்.

ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது சைக்கிளில் வருவாய். ஒரு பையில் ஜல்லி, ஒரு பையில் எனக்குப் பொரி உருண்டை. ஒருநாள் பை மாறிவிட்டது. நான் ஜல்லியைப் பிரித்து அழ, நீ லேபில் பொரி உருண்டையை வைத்துக்கொண்டு முழித்தாய்.

மேல்மலையனூர் ரோட்டுப் பாலத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று எனக்கு லீவு. என்னையும் கூட்டிப்போனாய். கண்ணாடிக் குடுவையில் மணலையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி வைத்தாய். தெளிந்தபோது மணல்மேல் சேறு தடியாகப் படிந்திருந்தது.

"இன்னா சார், மணல்னா கொஞ்சம் மண்ணு இருக்காதா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

"அமாவாசைக்கு அம்மன் கோயிலுக்கு எத்தினி ஸ்பெஷல் பஸ் போவுது, பாத்திருக்கியா? படியில தொங்கிக்கினு போவாங்க. அத்தனை ஜனமும் இதும்மேலதான்யா போவணும்." நீ சிரிக்கவில்லை.

அவர் அந்த மணலிலேயே கலவை போட்டார். நீ அதிலிருந்தே கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் மூன்று கற்கள் வார்த்தாய். ஈரம் காய்வதற்குள் அடையாளம் கீற வேண்டும் என்று ஆணியை என்னிடம் கொடுத்தாய். மூன்றிலும் தேதிக்குப் பக்கத்தில் என் பெயரின் 'செ'யைக் கீறினேன். கோணலாகப் போய்விட்டது. "இருக்கட்டும்மா, இப்பிடி வேற எவனாலயும் எழுத முடியாது" என்றாய்.

அவை லேப் வாசல் தொட்டியில் இருபத்தெட்டு நாள் ஊறி முடிவதற்குள் உனக்கு என்ன அவசரம் நைனா? நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய், அவ்வளவுதான்.

நாளைக் காலையில் உன் ஆபீஸ் ஜீப் வருகிறது. கற்களைக் கடலூர் லேபுக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு தாங்குகின்றனவோ அதுதான் பாலத்தின் பலம் என்று நீ சொல்வாயே.

நேற்று மேஸ்திரி அம்மாவிடம் வந்தார். "சார் போட்ட கல்லுங்க பாசி புடிச்சிக் கெடக்குதும்மா. நாளைக்கு நானே நல்லதா மூணு கொண்டாந்து மாத்திடறேன். யாருக்குத் தெரியப் போவுது? இந்த வூட்டுக்காரரு நம்மாளுதான். நீங்க இங்கயே இருக்கலாம், நான் சொல்லிக்கிறேன்."

அவர் போனதும் அம்மா அழுதாள். "குடுத்துத் தொலைச்சிடலாம்டி. வூட்ட காலி பண்ணச் சொன்னா எங்க போவோம்?" அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, தொட்டியிலிருந்து கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளிக்கிற அண்டாவில் இறக்கினேன். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். "ரொப்பி வெச்ச தண்ணி அதுக்குள்ள காலியாவுதே" என்று அம்மா அண்டாவைத் திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பயமும்தான்.

சாயங்காலம் மேஸ்திரி வந்து காலித் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ராத்திரி திரும்பி வரேன் பாப்பா. அதுக்குள்ள எங்க வெச்சன்னு ஞாபகம் வந்துடும்" என்றார்.

கற்கள் நன்றாகத் தாங்க வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் மெஷினில் ஏறுவது நீ வார்த்த கல்லாக இருக்க வேண்டும், இல்லையா நைனா?

ஜீப் வரும்வரை அண்டாவில் தண்ணீர் குறைய விடமாட்டேன். அந்தக் கோணல் 'செ' என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் மகள் செண்பகம்

கதவைத் தட்டுகிறார்கள். ஜீப் சத்தம் கேட்கவில்லையே, நைனா