மூச்சு விடாதே

அன்பையும் தலையில் குட்டுகளையும் சரிபாதியாகத் தந்து வளர்த்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் மின்னஞ்சல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் வழக்கமான புருடா இல்லை.

பழைய கூரையைப் பிரித்துப் புதிது போடுகிறோம். கூரைக்காரர் பரணுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பலகையெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றார். "சூடும் ஈரமும் மேல போய் முட்டிக்கிட்டு நிக்குது சார். வீடு மூச்சுத் திணறுது. உச்சியில வழி விடணும்." முகட்டின் நீளத்துக்கும் இரண்டு விரல் அகலம் வெட்டி, காற்று போகிற, ஆனால் மழை புகாத ஒரு மூடியை அதன்மேல் பொருத்துவார்களாம். "கூரை போடக் கூப்பிட்டா ஓட்டை போடுறேங்கிறீங்களே!" என்று அப்பா குதித்தார். அன்றைக்குக் குதித்தது தரையில். அதனால் கவலையில்லை.

வெட்டியாயிற்று. வந்த மூடிதான் நம் கூரைச் சரிவுக்குப் பொருந்தவில்லை. வேறு மூடி வரும்வரை தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பாவிகள், ஏணியையாவது கொண்டுபோயிருக்கலாம்.

தார்ப்பாய் படபடத்தால் போதும், அப்பா மேலே ஏறிவிடுகிறார். நேற்றுத் தூறலில் கால் வழுக்கிவிட்டது, அக்கா. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு செருப்பு என் தோளில் விழுந்தது. பின்னாலேயே அப்பாவும் வருவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. எந்த வெட்டு வேண்டாம் என்று சண்டை போட்டாரோ, அதிலேயே விரல்களை மாட்டிக்கொண்டு தொங்கினார்.

இறங்கியதும், "அக்காகிட்ட மூச்சு விடாதடா" என்றார். வீடு மூச்சு விட வழி பண்ணுகிறவர் எனக்கு மட்டும் தடை போடுகிறார் என்று சொல்லி அம்மாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவர் விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. "இனிமே நீங்க ஏறினா பின்னாடியே நானும் ஏறுவேன்" என்றாள்.

பரணில் தண்ணீர் இறங்கினால் உன் பெட்டிகள் நனைந்துவிடும். அதுதான் அவர் பயம். கீழே இறக்கிவிடலாமே என்றால், "அவ வெச்சது வெச்ச இடத்துல இருக்கட்டும். வந்து அவளே எடுத்துக்குவா" என்கிறார். நீ கோபித்துக்கொண்டு போன பிறகு உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த பேச்சு இவ்வளவுதான்.

வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. ஏணியைப் படுக்கப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் இதைத் தட்டுகிறேன். அப்பா முறைத்துக்கொண்டே நிற்கிறார். வீட்டுப்பாடம் என்றேன், நம்பவில்லை. என் எடைதான் உனக்குத் தெரியுமே. ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

அவருக்கே போன் செய், அக்கா. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. பெட்டிகள் போனால் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதே, உடைந்துபோய்விடுவார். "பெட்டியெல்லாம் எறக்கி என் ரூம்ல வெச்சிருங்கப்பா" என்று சொல். கடைசியில் வருகிற அந்த 'ப்பா'வை மறக்காமல் சேர்த்துச் சொல்.

சீக்கிரம். காற்று கிளம்பிவிட்டது.

ஏணியை விட்டு எழாத,
உன் வாலு