மேஸ்திரியை வண்டியேற்றும் முன்

என் பிரியமான அப்பாவுக்கு,

காலை ஏழரை ஆகிறது. எட்டு மணிக்கு வண்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து கேட் வரைக்கும் போய் வந்துவிட்டேன். மேஸ்திரியும் சங்கிலி போகிற மட்டும் போய்த் திரும்புகிறான். அம்மா சமையலறையில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைக்கிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேஸ்திரியை யாருக்கும் குடுத்துடாதம்மா" என்றீர்கள். சரிப்பா என்றேன். இன்றைக்கு அவனைக் கொடுத்து அனுப்பப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன வருஷம் யாத்திரைக் கூட்டத்தோடு இமயமலைக்குப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் கங்கைச் செம்போடு திரும்பினார்கள். நீங்கள் மட்டும் சால்வைக்குள் ஒரு கறுப்பு நாய்க்குட்டியோடு இறங்கினீர்கள். மலையில் ஆடு மேய்க்கிறவர் கொடுத்தார், இதன் தாய் சிறுத்தையையே விரட்டியதாம் என்றீர்கள். "ஊர்ல நாய்க்குப் பஞ்சமாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளேதான் பால் காய்ச்சி ஊற்றினாள்.

ஒன்றரை வருஷத்தில் கன்றுக்குட்டி உயரம் வந்துவிட்டான். காம்பவுண்டு ஓரமாக, யார் வேலை செய்கிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்று பார்க்கிற தோரணையில் நடப்பான். அதைப் பார்த்துத்தான் மேஸ்திரி என்று பெயர் வைத்தீர்கள். அப்போது வேங்கிக்காலில் நம் வீட்டைச் சுற்றி வெறும் மனைகள்தான். அங்கே மேய்கிற மாடுகளையும் ஆடுகளையும் பார்த்தபடி நாள் முழுக்கக் கேட் அருகில் படுத்திருப்பான்.

வெயில் ஏறுவதற்கு முன் ஏரிப் பக்கம் நடத்திக் கூட்டிப் போவீர்கள். வந்ததும் சீப்பால் சீவுவீர்கள், காதைத் திருப்பி உண்ணி பார்ப்பீர்கள், தொட்டித் தண்ணீரை மாற்றுவீர்கள். எல்லாம் நீங்களே செய்தீர்கள். எதற்காகச் செய்கிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் மாசியில் போனீர்கள். அந்தச் சித்திரையில் நடந்ததை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. கொள்ளி வைத்த பெரியப்பா மகன் மொட்டைத் தலையோடு வந்து நின்றதிலிருந்து அம்மாவுக்கு ஒரு குறை. சொந்தப் பிள்ளை ஒருத்தன் மொட்டை போடவில்லையே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேஸ்திரி வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "இவன்தான் அவருக்குப் பிள்ளை மாதிரி இருந்தான். முடியை எடுத்துட்டா வெயிலுக்கும் ஆச்சு, அவருக்கும் ஆச்சு" என்றாள். அப்படியானால் நான் யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் சொன்னது எனக்கும் சரி என்றே பட்டது.

மொட்டை போட நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மிஷினோடு வந்தவர் ஒட்ட எடுத்துவிட்டார். அம்மா சந்தனம் பூசினாள். பூசும்போது அழுதாள், நானும் அழுதேன். மேஸ்திரி மட்டும் வெட்கப்பட்டவன் போலத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பத்து நாளில் முதுகெல்லாம் சிவந்து கொப்புளம் கொப்புளமாக வந்தது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னை நிற்க வைத்துத் திட்டினார். "யாரு உங்களை எடுக்கச் சொன்னது? அந்த முடிதாம்மா இதுக்குக் குடை. வெயில் தோல் மேல படாமக் காக்கறதே அதுதான். சீவி விடணும், அவ்ளோதான். எடுக்கவே கூடாது." நீங்கள் தினமும் சீப்போடு உட்கார்ந்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. புண் ஆறிவிட்டது. முடிதான் இடுப்புப் பக்கம் இன்னும் திட்டுத் திட்டாக இருக்கிறது. தினமும் பார்க்கிறேன், தினமும் குத்துகிறது.

அதற்குப் பிறகு எதிர்மனை, பக்கத்து மனை எல்லாம் வீடாகிவிட்டன. மாடும் இல்லை, ஆடும் இல்லை. பார்சல் கொண்டு வருகிறவர், கொத்தனார், குடிவந்தவர் என்று எல்லாமே புது ஆள்கள். மேஸ்திரிக்கு எல்லோருமே சிறுத்தைதான்.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் கிரிவலத்துக்கு வந்த கார்கள் நம் தெரு வரைக்கும் நின்றன. ஒரு குடும்பம் நம் கேட் முன்னால் இறங்கியது. மேஸ்திரி காம்பவுண்டைத் தாண்டிக் குதித்துவிட்டான். கடிக்கவில்லை, அப்பா. குறுக்கே நின்று உடம்பாலேயே அவர்களைக் கார் பக்கம் தள்ளினான். பின்னால் நகர்ந்த வயதான அம்மா ஒருவர் விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். அந்த அம்மாவின் மகன் கோபப்படவில்லை. "கடிக்கல, அது நெஜம்தாங்க. அடுத்த தடவை இன்னா பண்ணும்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து சங்கிலி. நீங்கள் ஒருநாளும் கட்டியதில்லை. சங்கிலி எட்டுகிற அளவுக்கு அரைவட்டமாக நடந்து நடந்து, புல்லெல்லாம் போய் மண் பளபளவென்று இருக்கிறது. நீங்கள் போன பிறகு அவன் கால் நீட்டிப் படுத்துத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இப்படி வைத்திருப்பதுதான் உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா?

என் ஜெராக்ஸ் கடை கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். திங்கள்கிழமை மனு நாளில் முனியம்மா என்று ஒருவர் வந்தார். செங்கம் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். நாய்கள் புகுந்து வெள்ளாடுகளைக் கடித்துப் போட்டதாக மனு. பிரதி எடுக்கும்போதே படித்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாய் கடிச்சிச்சின்னு மனு குடுக்க வந்தவகிட்ட நாயைக் குடுக்கறேன்றியே, நல்லாக் கீதும்மா உன் ஞாயம்."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டி வரச் சொன்னார். டாக்டரம்மாவைக் கேட்டதில், ஆட்டோடு வளராத நாய், கயிற்றில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்றார். முதல் வாரம் ஆடுகள் பட்டியின் மறு கோடிக்கு ஓடின. மேஸ்திரி துரத்தவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அப்படியே தரையில் படுத்துவிட்டான். யாரும் சொல்லித்தரவில்லை அவனுக்கு. ஐந்தாவது ஞாயிறு ஒரு குட்டி அவன் முதுகில் ஏறி நின்றது. அவன் தலையைத் தரையில் வைத்துத் தூங்கினான், அப்பா. குறட்டை விட்டான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சந்தோஷம்தான், ஆனால் வயிறு எரிந்தது.

போன ஞாயிறு கிளம்புகிற நேரத்தில் வேலிக்கு வெளியே நின்று அவனைக் கூப்பிட்டேன். எழுந்தான். பாதி தூரம் வந்தான். ஆடுகளைத் திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் நின்று முனகினான். கடைசியில் என்னிடம்தான் வந்தான். முனியம்மா, "நீ கூப்டா அது வரும்மா. எத்தினி வாட்டி கூப்டுவ?" என்றார்.

நீங்கள் அந்த வாக்கைக் கேட்டது மேஸ்திரிக்காகவா, எங்களுக்காகவா? வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று நினைத்தீர்களா? அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். "உங்கப்பா வளர்த்ததுன்னு இந்த வீட்ல மிச்சம் இது ஒண்ணுதான்" என்று நேற்று வரைக்கும் சண்டை போட்டாள்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. அம்மா வெளியே வந்துவிட்டாள். அவனுக்குச் சோறு பிசைகிற அலுமினியக் குண்டானைத் தேய்த்துக் கழுவிக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைக்கிறாள். "இதையும் ஏத்து. வேற ஏனத்துல போட்டா அது சாப்பிடாது" என்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு ஒன்று தருகிறேன். தடுப்பூசியும் உண்ணி மருந்தும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். அவனாக வந்தால் கட்டிக்கொள்வேன். வராவிட்டால் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.

உங்கள் மகள்,
செல்வி