வந்து கூப்பிடுகிறேன்

கொருக்குப்பேட்டை
5.8.2025

அன்புள்ள ராஜாத்தி அக்காவுக்கு,

வணக்கம். மதியின் வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். நான் ரமாபாய். ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பயிற்சிக்காக மூன்று மாதம் மதியின் மூன்றாம் வகுப்பில் இருப்பேன். வகுப்பு டீச்சர் தேவப்பிரியம் டீச்சர்தான். நான் அவருக்குக் கீழே.

மதி எதற்கும் பதில் சொல்வதில்லை என்று டீச்சர் சொன்னார். நான் பார்த்தது வேறு. நேற்று காலை "எட்டும் ஏழும் எத்தனை?" என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் என் சேலைத் தலைப்பை இழுத்து, "பதினஞ்சு மிஸ்" என்றாள். நடுவில் தமிழ்ப் பாடமும் பாட்டும் முடிந்திருந்தன. கேள்வி கேட்ட நானே அதை மறந்துவிட்டிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டிலும் இப்படித்தானா? நேரம் கிடைக்கும்போது இந்த நோட்டிலேயே எழுதுங்கள். புகார் எதுவும் இல்லை.

அன்புடன்
ரமாபாய்


7.8.2025

ரமாபாய் மிஸ்ஸுக்கு மதியின் அம்மா ராஜாத்தி எழுதுவது.

நோட்டில் சிவப்பு மையைப் பார்த்ததும் என்ன புகாரோ என்று பயந்துவிட்டேன். புகார் இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்கக் கூடாதா?

நான் எட்டாவதோடு நின்றவள். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவும் கான்ட்ராக்ட் வேலை. மூன்று மணிக்குத்தான் வீடு வருவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் அப்படித்தான் மிஸ். ஒற்றை ஜடையா இரட்டை ஜடையா என்று காலையில் கேட்டால், பள்ளிக்கூட வாசலில் போய் நின்று "ரெட்ட ஜடை" என்பாள். அவள் அப்பா கூட இருந்தவரை, "இன்னாடி, வாயில கொழுக்கட்டையா வச்சிகினு கீறே?" என்று கத்துவார். இப்போது அவர் எண்ணூரில் வேறு குடும்பம் நடத்துகிறார், அதனால் அந்தக் கத்தல் இல்லை. நானும் மதி மாதிரிதான். என்னை ஒன்று கேட்டால் எனக்குப் பதில் வர நாளாகும். நீங்கள் கேட்டதற்கே இரண்டு நாள் ஆகிவிட்டது பாருங்கள்.

மாத்தூரில் என் அக்கா இருக்கிறாள். அங்கே ஒரு பிரைவேட் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன், மதியை என்னிடம் விடு என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறாள். எனக்குப் பிள்ளையைப் பிரிய மனசில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகு, இங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ராஜாத்தி


14.8.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோணல் எழுத்தெல்லாம் இல்லை.

எங்கள் பயிற்சி நிறுவனத்தில் ஒவ்வொருவரும் "என் கல்விக் கொள்கை" என்று இரண்டு பக்கம் எழுதிப் பயிற்சி ரெக்கார்டு நோட்டில் வைக்க வேண்டும். முன் வருஷத்து ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான் இங்கே பழக்கம். குழந்தை ஒரு பூ, ஆசிரியர் தோட்டக்காரர் என்று ஆரம்பிக்கும். மதி பூ மாதிரியெல்லாம் இல்லை அக்கா. நேற்று தீபனின் பென்சிலை ஒளித்துவிட்டு, அவன் வகுப்பையே தலைகீழாகப் புரட்டித் தேடும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நானும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். எனக்கு எந்தத் தோட்டமும் தெரியாது. என் கொள்கையை நானே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். முதல் வரி கிடைத்துவிட்டது: "கேள்வி கேட்டால், பதில் வரும்வரை காத்திருப்பேன்." அது மதி கொடுத்த வரி.

மீதிக்காகப் பிள்ளைகளிடமே கேட்டேன், "டீச்சர்னா இன்னா செய்யணும்?" என்று. "ஹோம்வொர்க் குடுக்கக் கூடாது" என்றான் தீபன். ஒரு பெண், "ஊட்டிக்குக் கூட்டினு போவணும்" என்றாள். மதி வாயைத் திறக்கவில்லை. எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல் என்று விட்டுவிட்டேன்.

21ஆம் தேதி எனக்கு மாதிரி வகுப்பு. எங்கள் விரிவுரையாளர் அருள்நாதன் சார் வந்து உட்கார்ந்து ஐம்பதுக்கு மதிப்பெண் போடுவார். அதில் தேறினால்தான் சான்றிதழ். அன்றைக்கு மதிக்கு இரட்டை ஜடை போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்
ரமாபாய்


22.8.2025

மிஸ்ஸுக்கு,

மதி இன்று வரவில்லை, அதனால் நோட்டும் வராது. பக்கத்து வீட்டு ஜஸீமா உங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படிக்கிறாள். அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று இரட்டை ஜடை போட்டுத்தான் அனுப்பினேன். நாலரை ஆகியும் பிள்ளை வீடு வரவில்லை. தெருத் தெருவாகத் தேடிவிட்டு, ஐந்தே காலுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தேன். பெருக்குகிற அம்மா கேட்டைப் பூட்டப் போகிறார். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் படியில் மதி உட்கார்ந்திருக்கிறாள். காலை பதினோரு மணிக்கு உட்கார வைத்த இடமாம். மத்தியானம் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டு, மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். வாடி போகலாம் என்றால் வரவில்லை. "மிஸ் வந்து கூப்ட்றேன்னு சொல்லிக்கீறாங்கோ. நீ இன்னாத்துக்கு வந்தே?" என்று என்னைக் கேட்கிறாள். தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

பெரிய சார் வருகிறார் என்று மந்தமான பிள்ளைகள் ஆறு பேரை வெளியே அனுப்பினீர்களாம். ஜஸீமா சொன்னாள். நான் படித்த காலத்திலும் அதிகாரி வந்தால் என்னைக் குடத்தைக் கொடுத்துத் தண்ணீர் பிடிக்க அனுப்புவார்கள். அதெல்லாம் எனக்குப் பழகிப்போனது. ஆனால் காத்திருப்பேன் என்று நோட்டில் எழுதினது நீங்கள். காத்திருந்தது என் பிள்ளை.

மதி மாத்தூருக்குப் போகட்டும். டி.சி.க்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன்.

ராஜாத்தி


25.8.2025

ராஜாத்தி அக்கா,

தேவப்பிரியம் டீச்சர் சொன்னதால் செய்தேன் என்று எழுதலாம். "எல்லாரும் செய்றதுதாம்மா, நாற்பது நிமிஷத்துல வகுப்பு முடியணும்ல" என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் ஆறு பேரைப் பெயர் சொல்லி எழுப்பியவள் நான்தான். வந்து கூப்பிடுகிறேன் என்று மதியிடம் சொன்னவளும் நான்தான். வகுப்பு மளமளவென்று போனது. நாற்பத்தாறு போட்டார்கள். அந்த சந்தோஷத்தில் சாரோடு நிறுவனத்துக்குக் கிளம்பிப் போய்விட்டேன். மற்ற ஐந்து பேரும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு ஓடி வந்துவிட்டார்கள். மதி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று டீச்சர் நினைத்திருக்கிறார். நான் நினைக்கவே இல்லை. உங்கள் கடிதம் வரும்வரை அவள் ஞாபகமே எனக்கு வரவில்லை அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமையே அருள்நாதன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வருஷா வருஷம் நடக்கறதுதான், நீ எதுக்கு இதை என்கிட்ட சொல்றே?" என்று கேட்டார். "காத்திருப்பேன்னு ரெக்கார்டுல எழுதியிருக்கேன் சார். பொய்யை வச்சிக்கிட்டு நான் டீச்சராக முடியாது" என்றேன். மதிப்பெண் தாளை எடுத்து நாற்பத்தாறை அடித்துவிட்டார். செப்டம்பர் ஒன்பதாம் தேதி மறுபடி நடத்த வேண்டும், இருபத்தொன்பது பிள்ளைகளையும் உள்ளே வைத்துக்கொண்டு. அதில் தவறினால் ஒரு வருஷம் போச்சு. போனால் போகட்டும். யாரையும் எழுப்பி வெளியே அனுப்ப மாட்டேன்.

கொள்கையின் முதல் வரியை நானே அடித்துவிட்டேன். அதை மறுபடி எழுதும் தகுதி வரட்டும், எழுதிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை உங்கள் தெருமுனை வரை வந்தேன். கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். மதியை மறுபடி அனுப்புங்கள் என்று கேட்கிறேன், என் மதிப்பெண்ணுக்காக அல்ல. உங்களுக்குப் பதில் வர நாளாகும் என்று எனக்குத் தெரியும். ஞாபகப்படுத்தி இன்னொரு கடிதம் எழுத மாட்டேன்.

ரமாபாய்


6.9.2025

ரமாபாய் மிஸ்ஸுக்கு,

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இன்று சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டாம், ஜஸீமாவிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவசரப்பட்டு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாகத் திட்டலாம் என்று இருந்தேன். வரவில்லை. மிஸ் ஏதாவது சொன்னாரா என்று தினமும் ஜஸீமாவைக் கேட்பேன். "மதி சாப்ட்டாளான்னு மட்டும் கேக்குறாங்க அத்தே" என்பாள்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன். மாத்தூர் அக்கா பையை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறாள். டி.சி. விண்ணப்பம் என் பர்ஸில் மடித்தபடி இருக்கிறது.

நேற்று சாயங்காலம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மதி பக்கத்தில் வந்து குந்தினாள். திடீரென்று, "கூப்ட்றேன்னு சொன்னா வந்து கூப்டணும்" என்றாள். யார், எதுக்குடி என்று கேட்டேன். "டீச்சர்னா இன்னா செய்யணும்னு மிஸ் கேட்டாங்கோ இல்ல, அதுக்குச் சொல்றேன்" என்றாள். மூன்று வாரத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். அக்கா சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதனால் மிஸ், கடிதத்தில் கூப்பிட்டதெல்லாம் கணக்கில் சேராது. தெருமுனை வரை வந்தீர்களே, அங்கிருந்து இன்னும் நாற்பது அடிதான். பச்சைக் கதவு, வாசலில் நீலத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். திங்கட்கிழமை நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். எட்டு மணிக்கெல்லாம் மதி இரட்டை ஜடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். ஒன்பது மணி வரை பார்ப்பேன். அதற்கு மேல் என்றால் மாத்தூர் பஸ்தான்.

வந்து கூப்பிடுங்கள்.

ராஜாத்தி