சுண்ணாம்புத் தண்ணியில் ஒரு டியூப்

நேற்று அம்பத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பெரிய சண்டை இல்லை. நீ இருந்திருந்தால் "ஆரம்பிச்சிட்டியாடி" என்று முழங்கையைக் கிள்ளியிருப்பாய், அவ்வளவுதான். என் மகள் செடி வளர்க்கும் மீன் தொட்டி வைக்கப் போகிறாளாம். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்க ஒரு குட்டி சிலிண்டர், அதிலிருந்து தொட்டிக்கு ஒரு டியூப். கடைக்காரர் கண்ணாடி மாதிரி ஒன்றைச் சுருட்டி நீட்டினார். "சிலிக்கான் மேடம், எப்படி வேணா வளையும்." விரலிடுக்கில் வைத்து நசுக்கினேன். அந்த வழவழப்புப் பட்டதுமே நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். "இது காத்து மோட்டாருக்கு ஓகே. இந்த கேஸுக்கு ஆவாது. பி.யூ. டியூப், பாலியூரித்தேன், அத எடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டுமே, எனக்கென்ன.

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முழுசாகக் கடந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் எந்தச் சண்டையும் எனக்கு முடிந்த மாதிரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாம் வேலை பார்த்த அந்தக் கம்பெனி. காற்றழுத்தத்தில் ஓடும் மெஷின்களுக்கு டியூப்பும் ஃபிட்டிங்கும் மாட்டிக் கொடுக்கிற இடம். நீ பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில். டியூப்பைப் பிசிறில்லாமல் வெட்டி, நிப்பிள் என்கிற இரும்பு முனையில் ஏற்றி, நட்டை முறுக்குவது இருவருக்கும் ஒரே வேலை. ஆனால் நீ பர்மனென்ட், நான் கேஷுவல். அந்த வருஷம் டெஸ்டிங் பெஞ்சில், அதுதான் கசிவு பார்க்கிற மேஜை, ஓர் இடம் காலியானது. அங்கே போகிறவரைப் பர்மனென்ட் ஆக்குவார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தினமும் காலையில் கேட்டில் நிறுத்திவைத்து, "இன்னிக்கு உனக்கு வேலை கீதான்னு உள்ள கேட்டுகினு வரேன், நில்லு" என்று வாட்ச்மேன் சொல்வானே, அது என்னால் முடியவில்லை. மானம் போகிறது என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் ஒவ்வொரு செக்ஷனும் போட்டி போட்டுக்கொண்டு அலங்காரம் செய்யும், வீட்டு ஜனங்களெல்லாம் வந்து பார்க்கும். "பூஜை உங்குள்து, தொட்டி என்னுது" என்று நீ எழுந்து நின்றாய். உன் அத்தாவுக்கு டிரங்க் ரோட்டில் மீன் கடை. அங்கிருந்து தொட்டி, செடி, மீன் எல்லாம் ஆட்டோவில் வந்து இறங்கியது. சர்க்கரைத் தண்ணீரில் பேக்கரி ஈஸ்ட்டைக் கலந்து மூடிவைத்தால் அது புளித்து இதே கார்பன் டை ஆக்சைடு கேஸை விடும், அந்த கேஸைத் தொட்டிக்குள் விட்டால் செடி மூச்சு விடுவது குமிழ் குமிழாகக் கண்ணுக்கே தெரியும் என்றாய். யாரும் நம்பவில்லை. நான்கூட உன் முகத்துக்காகத்தான் தலையாட்டினேன்.

அந்த பாட்டிலிலிருந்து ஒரு வாடை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "சாமி படத்துக்குப் பக்கத்துல கள்ளு வாசனையா?" என்று ஃபோர்மேன் குதித்தார். பாட்டிலைப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமுக்குத் துரத்தினோம். அங்கிருந்து சுவரோரமாகத் தொட்டிவரை நீள டியூப் ஓட வேண்டும். ஸ்டோரில் கிடந்ததிலேயே ஒசத்தியான சிலிக்கான் டியூப்பை எல்லோருமாகச் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம். அலங்காரத்துக்கு அழகாகத்தான் இருந்தது. ஜாயின்ட் எல்லாம் நான் போட்டேன்.

தொட்டிக்குள் டியூப் முனையில் குமிழே இல்லை. எப்போதாவது ஒன்று, வேண்டா வெறுப்பாக. உன் அத்தா கடையில் ஒரு சாண் டியூப்பில் ஜோராக வந்தது இங்கே வரவில்லை. ஃபோர்மேன் கெட்டவர் இல்லை, வாய்தான் ஆகாது. "ஜாயின்ட் ஒழுகுது. மீன் தொட்டிக்கே ஒழுங்கா போடத் தெரியல, இவள எப்படிம்மா டெஸ்டிங் பெஞ்சுல உக்கார வைக்கிறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நம் செக்ஷனில் கசிவு என்றாலே ஜாயின்ட்தான், வேறு பேச்சே கிடையாது. ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன்; கசிந்தால் நுரைக்கும், நுரைக்கவில்லை. பிரித்து மறுபடி போட்டேன். விட்டேனா பார் என்று முறுக்கியதில் ஒரு நட்டு விரிசலே விட்டுவிட்டது. ஸ்டோர் ரூமில் அந்த நாற்ற பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பெஞ்சு போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

நீ வந்து சமாதானம் சொல்லவில்லை. "ஒப்பாரிய நிறுத்து. பலூனுக்கு இறுக்கி முடிச்சு போடறோம், காலைல சுருங்கிப் பூடுதுல்ல? முடிச்சா ஒழுகுது?" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் நீ கேன்டீன் அக்காவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, தெளிந்த தண்ணீரை இரண்டு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றியிருந்தாய். மூடியில் துளை போட்டு, ஒன்றில் சிலிக்கான் டியூப், இன்னொன்றில் நாம் தினமும் மெஷினுக்கு மாட்டும் நீல பி.யூ. டியூப். இரண்டும் தண்ணீருக்குள் ஒரு வளையம் போட்டு வெளியே வந்தன. ஜாயின்ட் எல்லாம் பாட்டிலுக்கு வெளியே. துளையைச் சுற்றி மெழுகு. பிறகு இரண்டிலும் ஈஸ்ட் கேஸை ஓடவிட்டாய்.

மறுநாள் பார்த்தால் நீல டியூப் இருந்த தண்ணீர் போட்டபடி தெளிவாக இருந்தது. சிலிக்கான் இருந்தது அரிசி கழுவின தண்ணியாக வெளுத்திருந்தது! பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தண்ணிக்குள் ஊதி வெளுக்க வைத்தோமே, அதே சங்கதி. நீ செக்ஷனையே கூப்பிட்டுக் காட்டினாய். "உள்ள ஒரு ஜாயின்ட்டாச்சும் கீதான்னு பாருங்க. டியூப்பே வுடுது. உடம்பு பூரா வுடுது."

நீல டியூப்பை நான் மாட்டினேன், அதே கையால். பூஜையன்று குழந்தைகளெல்லாம் தொட்டியை விட்டு நகரவில்லை. இலைக்கு இலை முத்து முத்தாகக் குமிழ் கட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் சுண்டலை மென்றபடி வெகுநேரம் பார்த்தார். "சரிம்மா, திங்கக்கிழமைலேர்ந்து பெஞ்சுக்கு வந்துரு" என்றார். அந்தத் திங்கட்கிழமை வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விட்ட சத்தம் இருக்கிறதே, அடியே, நாதஸ்வரமெல்லாம் அதற்கு அப்புறம்தான். ரிட்டயர் ஆகும்வரை அந்த பெஞ்சில்தான் இருந்தேன்.

ஆனால் நான் இன்றும் சுமந்து திரிவது அந்த வேலையை இல்லை. பூஜையன்று சுண்டல் தட்டோடு ஃபோர்மேன் உன்னிடம் ஒன்று கேட்டார். "எல்லாரும் ஜாயின்ட்டையே நோண்டினோம். உனக்கு மட்டும் எப்படிம்மா டியூப் மேல சந்தேகம் வந்துச்சு?" நீ யோசிக்கவே இல்லை. வாயில் சுண்டலோடு, ஏதோ பஸ் நம்பர் சொல்கிற மாதிரி சொன்னாய்:

"ஜாயின்ட்டு போட்டது இவ. அப்பறம் மிச்சம் டியூப்பு தானே, சார்?"